சாவி கொடுத்த பிறகு யார் பொறுப்பு?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே குடியிருப்போரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்ன நிறுவனத்திடம் காணி இல்லை. காணி அரசினுடையது, குத்தகை கம்பனியிடம், வீடு கட்டும் பணம் கொழும்பில். எச்சரிக்கை ஒன்பது ஆண்டுகள் கடிதமாகவே இருந்தது. தப்பியவர்களுக்காக மக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். அந்த வீடுகளை முன்பே கட்டியிருக்க முடியும். கட்டும் கடமை யாருடையது என்பதுதான் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதே பதுளை மாவட்டத்தில்தான் பசறை இருக்கிறது. கோணக்கலை, டெமேரியா, எல்டெப், மீதும்பிட்டி என்று சுற்றிலும் தேயிலை மலைகள். வெள்ளைக்காரர் காலத்து லயங்களில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில், இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. புது வீடுகள் வருவது நல்ல செய்திதான். ஆனால் மீரியபெத்தையில் பொறுப்பு சிதறிக் கிடந்த அதே முறையில்தான் அவையும் வருகின்றன.

பணத்தின் கதையைப் பாருங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோது, வீடமைப்பைக் கவனிக்க ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கடன் கொடுத்து, சம்பளத்தில் பிடித்தார்கள். கடனைக் கட்டி முடித்த பலருக்குக் காணி உறுதி கிடைக்கவில்லை. பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்தியா முதலில் மலையகத்துக்கு 4,000 வீடுகள் தந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றில் முதல் 1,300 வீடுகளின் வேலை தொடங்கியது 2024 பெப்ரவரியில். 9.5 இலட்சம் ரூபாவாக இருந்த ஒரு வீட்டுக்கான தொகையை இதற்குள் 28 இலட்சமாக உயர்த்த வேண்டியதாயிற்று. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,056 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன.

இந்தக் கணக்கில் டெல்லி இருக்கிறது, கொழும்பு இருக்கிறது, கம்பனி இருக்கிறது. பசறை பிரதேச சபை எங்கே?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். அவர்கள் தெரிந்தெடுத்த சபையால் லயத்து வீதிக்குக் கல் போட முடியவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. தடை நீங்கியதே தவிர, சபையின் பெட்டியில் பணம் கூடவில்லை.

வியன்னா நகராட்சி 1920களில் மக்களுக்குப் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கியது. இன்று சுமார் 2,20,000 வீடுகளுக்கு அதுவே சொந்தக்காரர். கூரை ஒழுகினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். பசறைச் சபை வீடு கட்ட வேண்டியதில்லை. தட்டுவதற்கு ஒரு கதவாகவாவது அது இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் நடக்கப்போவதை ஊகிப்பது கடினமல்ல. 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மகனுக்குத் திருமணமானால் பின்பக்க மலையை வெட்டி ஓர் அறை சேர்ப்பார்கள். அணைசுவர் இருக்காது, அனுமதி கேட்கவும் ஆளிருக்காது. மேல்வீட்டுக் கான் கீழ்வீட்டுச் சுவரில் முடியும். கோடையில் பீலித் தண்ணீர் வற்றும். வீதி உடைந்தால், வீடுகள் தன்னுடையவை அல்ல என்று கம்பனி சொல்லலாம். வீதி தன்னிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று சபை சொல்லலாம். இரண்டும் சட்டப்படி சரியாகவே இருக்கும்.

மண்ணும் மாறிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தில் பல சரிவுகளைப் பெயர்த்தது. அதற்கு முன் பாதுகாப்பானது என்று சான்று பெற்ற காணிகளை மறுபடி பரிசோதிக்காமல் அத்திவாரம் வெட்டுவது மீரியபெத்தைக்குத் திரும்பும் வழி.

சபை செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு வீட்டுத் திட்டத்துக்கும் ஒரு பகிரங்கப் பதிவேடு வைக்கலாம்: காணி விடுவிக்கப்பட்ட திகதி, மண்சரிவுச் சான்றின் திகதி, தவணைப் பணம் வந்த நாள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீதியும் கானும் யார் பொறுப்பு. இவை நிரம்பாமல் சாவி கையளிக்கக் கூடாது என்று தீர்மானம் போடலாம். வீட்டுக்கு ஒதுக்கும் பணத்தோடு பராமரிப்புக்கும் ஒரு பங்கு சபைக்கு வர வேண்டுமென்று அமைச்சிடம் கேட்கலாம்.

கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிகிறது. அன்று தோட்டக் காணியின் எல்லைகள் மறுபடி பேசப்படும். பதிவு செய்த உறுதி வைத்திருப்பவர் அந்தப் பேச்சில் ஒரு தரப்பாக இருப்பார். வீட்டுரிமைப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவரின் வீடு, மற்றவர்கள் முடிவெடுக்கும் விடயங்களில் ஒன்றாகிவிடும்.