சாய்ந்து ஓட்டும் சைக்கிள்: இறக்கத்தில் யார் பொறுப்பு?

புது சைக்கிளைச் சோதித்துத்தான் விற்கிறார்கள் என்ற நம்பிக்கைக்குப் பல நாடுகளில் அடிப்படை, ஐஎஸ்ஓ 4210 என்ற பாதுகாப்புத் தரநிலை. ஆனால் அது சில வண்டிகளைப் பெயர் சொல்லியே ஒதுக்கிவிடுகிறது. அவற்றில் ஒன்று ரிகம்பென்ட், அதாவது இருக்கையில் சாய்ந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிள்.

இத்தனைக்கும் இறக்கத்தில் சாதாரண சைக்கிளை எளிதில் முந்துவது இதுதான். 1933இல் பாரிஸில் பிரான்சிஸ் ஃபோர், சார்ல்ஸ் மோஷே வடிவமைத்த இத்தகைய வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் இவ்வகை வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. பெரிய நிறுவனங்கள் இதன் பக்கம் திரும்பாததற்கு அந்த முடிவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

உடல் தாழ்ந்து கிடப்பதால் காற்றுத் தடை குறைவு. அந்தத் தடை பாதியானால், மிதிக்காமல் இறங்கும்போதே உச்ச வேகம் சுமார் 1.4 மடங்காகிவிடும். சாதாரண சைக்கிள் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் போகாத சரிவில் இது 80ஐத் தாண்டிவிடும்.

அந்த வேகத்தில் முதல் ஆபத்து, ஹேண்டில் திடீரென்று இடமும் வலமுமாகப் படபடவென உதறுவது. பேரிங் தளர்வு, கோணலான சக்கரம், ஃப்ரேமின் நெகிழ்வு, ஓட்டுபவரின் இறுகிய பிடி என எதிலிருந்தும் இது தொடங்கலாம். சாதாரண சைக்கிளில் முழங்கால்களால் ஃப்ரேமின் மேல்குழாயை அழுத்திப் பிடித்தால் உதறல் பெரும்பாலும் அடங்கும். இதிலோ கால்கள் முன்னே இருக்கின்றன. பிடிக்கக் குழாயும் இல்லை, இருக்கையிலிருந்து எழவும் வழியில்லை. மிதிப்பதை நிறுத்தி, பிடியைத் தளர்த்தி, பின்பிரேக்கை மெல்ல அழுத்துவதுதான் செய்யக்கூடியது. முன்பிரேக்கைச் சட்டென்று இழுத்தால் கதை முடிந்தது.

இரண்டாவது ஆபத்து, பிரேக் பிடிப்பதால் எழும் சூடு. அமெரிக்க விதி கைப்பிரேக்கைச் சோதிப்பது மணிக்கு 24 கி.மீ. வேகத்தில். 72இல் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் அதைப்போல் 9 மடங்கு. பல ரிகம்பென்ட்களின் முன்சக்கரம் 20 அங்குலம்தான். ரிம்மில் உலோகம் குறைவு, சீக்கிரம் கொதிக்கும், டயர் வெடிக்கவும் கூடும். மலைப்பாதைக்கு டிஸ்க் பிரேக் கேளுங்கள். நீண்ட இறக்கத்தில் நடுவே நிறுத்தி ஆறவிடுங்கள்.

மூன்று சக்கர ரிகம்பென்ட்டில் சமநிலைக் கவலை இல்லை என்பது பாதி உண்மை. வேகமாகத் திரும்பினால் அதுவும் கவிழும். பெடலிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால், வண்டி அதை அடியில் இழுத்து எலும்பை முறித்துவிடும். அதனால் பாதத்தை பெடலோடு பிணைக்கும் ஷூ அதில் அலங்காரப் பொருள் அல்ல.

இனி உரிமைகள். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. அதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவும் உண்டு. எதற்காக வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எனவே ‘செங்குத்தான மலைச்சாலையில், இவ்வளவு எடையோடு இறங்கப் போகிறேன்; ஏற்றதா?’ என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். தரநிலை ஒதுக்கிய வண்டிக்கு அந்தப் பதில்தான் பிடிமானம். தனிநபரிடம் பழைய வண்டி வாங்கினால் இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை கிடைக்காது.

காயம்பட்டால் 1987ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தயாரிப்பாளரின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பொருளில் குறை இருந்தது, அதனால் காயம் வந்தது என்று காட்டினால் போதும். பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ‘ஓட்டியவர் தவறு’ என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். ஆகவே உடைந்த வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்; படமெடுத்து அப்படியே வைத்திருங்கள்.

விழுந்தது சாலைக் குழியால் என்றால், சிறிய சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும் என்பதையும் இழப்பீடு கேட்கும்போது சேர்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் சாலையைப் பராமரிப்பது நெடுஞ்சாலை நிர்வாகத்தின் சட்டக் கடமை. முறையாகச் சோதித்துவந்தோம் என்று அவர்கள் தற்காத்துக்கொள்ளலாம். அதே குழியைப் பற்றி யாராவது முன்பே புகார் கொடுத்திருந்தால், அந்தத் தற்காப்பு வலுவிழக்கும்.