தகவல் போகுது, மனிதர் நிற்கிறார்: நகர்வு பற்றி ஒரு அரங்கு

கார் ஓடுவதைக் கண்காட்சியில் காட்டுவது சுலபம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக நார்மன் பெல் கெடஸ் 'ஃபியூச்சராமா'வை வடிவமைத்தார். ஜனங்கள் நகரும் நாற்காலிகளில் உட்கார்ந்து, 1960-ன் அமெரிக்காவைக் குட்டிக் கார்கள் ஓடும் மாதிரி நிலப்பரப்பாகப் பார்த்தார்கள்.

டிஜிட்டல் யுகத்தில் சிக்கல் வேற. நாம அனுப்பும் வீடியோ, பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பொட்டலங்களாக உடைந்து, கண்ணாடி இழையில் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகுது. இதை எப்படிக் காட்டுவது? திரையில் நீலக் கோடுகளை ஓடவிடலாம்தான். ஆனால் பத்துத் திரை பார்த்துட்டு வர்றவருக்கு அது பதினோராவது திரை, அவ்வளவுதான்.

துபாய் எக்ஸ்போ 2020-ன் நகர்வு அரங்கான 'அலிஃப்' வேறு வழியில் போனது. ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்த கட்டடம் அது. 160 பேர் ஒரே நேரத்தில் ஏறக்கூடிய பிரம்மாண்ட லிஃப்ட் பார்வையாளர்களை மேலே கொண்டுபோகும். அங்கிருந்து கூடம் கூடமாகக் கீழே இறங்கி வரணும். வழியில் இப்னு பதூதா போன்ற பழைய பயணிகள் 9 மீட்டர் உயரச் சிலைகளாக நிற்பார்கள். அதாவது, நகர்வைப் பார்க்க வந்தவரின் உடம்பையே நகர்த்திவிட்டார்கள். இதுதான் எனக்குப் பிடித்த தீர்வு.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கு. கொரோனாவால் அந்த எக்ஸ்போவே ஒரு வருடம் தள்ளிப்போய், 2021 அக்டோபர் 1-ல்தான் திறந்தது. அந்த மாதங்களில் தகவல் எல்லா எல்லைகளையும் தாண்டியது, மனிதர்களால் முடியல. தொற்று போன பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தினமும் வீடியோ காலில் குழந்தையைப் பார்க்கிறார். நேரில் பார்க்க பாஸ்போர்ட், விசா, டிக்கெட், லீவு எல்லாம் கூடிவரணும்.

எக்ஸ்போவைக் கட்டிய 2 லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்களின் பெயர்களை அங்கே கல் தூண்களில் பொறித்திருக்கிறார்கள். நல்ல விஷயம். என்னைக் கேட்டால், நகர்வு பற்றிய அரங்கு அவர்களிடமிருந்துதான் தொடங்கணும்.

நான் வடிவமைத்தால் இப்படிச் செய்வேன்: நுழைவாயிலில் ஒவ்வொருவரும் வீட்டுக்கு ஒரு வரிச் செய்தி அனுப்பணும். அது போய்ச் சேர்ந்த நேரம் பலகையில் தெரியும். பக்கத்திலேயே இன்னொரு கடிகாரம், அவர் வரிசையில் நிற்கும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் அரங்கின் விஷயமே.