டிரான்சிஸ்டர் என்ற பெயர்

டிரான்ஸ்ஃபரும் ரெசிஸ்டரும் ஒட்டிப் பிறந்த சொல் டிரான்சிஸ்டர் என்று பல பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். பெயர் வைத்தவர் சொன்ன கணக்கு இன்னும் ஆழமானது.

1947 டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டைனும் ஒரு சின்னக் கருவியை உருவாக்கினார்கள். முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றித் தங்கத் தகடு. அதன் முனையில் பிளேடால் ஒரு கீறல். இரண்டாகப் பிரிந்த தங்க முனைகளை ஒரு ஸ்பிரிங் ஜெர்மானியத் துண்டின்மேல் அழுத்திப் பிடித்தது. ஒரு முனையில் கொடுத்த மெல்லிய சமிக்ஞை மறுமுனையில் வலுத்து வந்தது! அதுவரை அந்த வேலைக்குச் சூடேறும் கண்ணாடி வால்வுதான் வேண்டியிருந்தது.

பெயர் கேட்டு பிராட்டைன் போனது சக பொறியாளர் ஜான் பியர்ஸிடம். ஜே. ஜே. கப்ளிங் என்ற புனைபெயரில் அறிவியல் கதைகளும் எழுதியவர் அவர். வால்வில், உள்ளே தரும் மின்னழுத்தம் வெளியே வரும் மின்னோட்டத்தை ஆட்டிவைக்கிறது. இந்தப் பண்புக்கு டிரான்ஸ்கண்டக்டன்ஸ் என்று பெயர். புதுக் கருவியை அதற்கு நேர் மறுதலையாகப் பார்த்தார் பியர்ஸ்: உள்ளே மின்னோட்டம், வெளியே மின்னழுத்தம். அப்படியானால் கடத்தல் இருந்த இடத்தில் தடை வரவேண்டும், டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ். வாரிஸ்டர், தெர்மிஸ்டர் என்ற கருவிகள் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அவற்றின் வாலையே இதற்கும் சேர்த்தார். எத்தனை நேர்த்தியான யோசனை! கருவியின் நடத்தையைப் புரிந்துகொண்ட ஒருவரால்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும்.

ஆனாலும் பெயர் உடனே நிலைக்கவில்லை. 1948 மே மாதம் ஆய்வகத்தில் வாக்கெடுப்பே நடந்தது. கிரிஸ்டல் டிரையோடு, அயோடட்ரான் முதலியவை போட்டியில் இருந்தன. டிரான்சிஸ்டர் வென்றது, ஜூன் 30 அன்று நியூயார்க்கில் உலகுக்கு அறிவித்தார்கள். பார்டீன், பிராட்டைன், அவர்களின் குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லி மூவருக்கும் 1956-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

1954-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 என்ற சட்டைப்பை ரேடியோவுக்குள் இருந்தவை நான்கே நான்கு டிரான்சிஸ்டர்கள். பிறகு ஆங்கிலத்தைப் போலவே தமிழ்ப் பேச்சிலும் உறுப்பின் பெயர் கருவிக்கே ஏறிவிட்டது. கையில் தூக்கிப்போகும் ரேடியோவையே டிரான்சிஸ்டர் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.