தூக்க மாத்திரை: பழைய சீட்டில் வாங்கலாமா?

ஸ்ரீரங்கம் பகுதிக் குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்பது இது: "பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரையிலதான் தூங்குறேன்."

அல்பிரசோலம், டயஸெபம் போன்றவை மூளையை மந்தப்படுத்தித் தூங்க வைக்கின்றன. டாக்டர் சொன்ன அளவில் சில நாளைக்கு உதவும். வாரக்கணக்கில் போட்டால் உடம்பு பழகி, ஒன்று போதாமல் இரண்டு கேட்கும். விடிந்த பிறகும் மயக்கம் தெளியாது. வயதானவர்கள் ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது இதனாலும் நடக்கிறது. மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேட்டிலும் எழுதியாக வேண்டும், நம்ம குழு நோட்டு மாதிரி!

இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடாதீங்க. பல மாதம் போட்டவர்கள் திடீரென்று விட்டால் நடுக்கம், பதற்றம், ஏன், வலிப்புகூட வரும். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணும்.

திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அது பைத்தியத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கடன் தவணையை நினைத்துத் தூக்கம் கெட்டவர்களும் போகலாம். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்க. போனில் பேச 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.