பன்னிரண்டு மில்லிமீட்டரில் செங்கல்பட்டு

மாமல்லபுரம் போகிறவர்கள் திரௌபதி ரதத்தின் கூரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓலை வேய்ந்த குடிசையின் வளைவை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே பீம ரதம், வண்டிக்கூடு போன்ற நீண்ட கூரையோடு. அந்தக் காலத்து மரக் கட்டடங்கள் மண்ணோடு போய்விட்டன. அவற்றின் வடிவத்தை நமக்குச் சொல்பவை இந்தக் கல் மாதிரிகள்தான். ரயில் எஞ்சின் மாதிரிகளை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏனென்றால், கொளவாய் ஏரியை ஒட்டிச் செங்கல்பட்டைக் கடந்த ஓர் எஞ்சின் இனமே இன்று ஓட்டத்தில் இல்லை. கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை 1931இல் மின்மயமானது. 1960களில் 25,000 வோல்ட் மாற்று மின்சாரம் விழுப்புரம் வரை நீண்டது. அதற்காகவே ஜப்பானில் செய்யப்பட்டு வந்தவை ஒய்.ஏ.எம்-1 எஞ்சின்கள், மொத்தமே 20. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயிலை விழுப்புரம் வரை இவை இழுக்கும். அங்கே இதைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ மாட்டுவார்கள். பாதை அகலமானபோது, டீசல் எஞ்சின்களை மீட்டர் கேஜ் மிஞ்சியிருந்த ஊர்களுக்கு அனுப்பிவிட முடிந்தது. இவற்றுக்கு அந்த வழியும் இல்லை. அங்கெல்லாம் தண்டவாளம் இருந்தது, மேலே மின்கம்பி இல்லை. 2004இல் எழும்பூர்–தாம்பரம் மீட்டர் கேஜும் நின்றது.

மாதிரி செய்கிறவர்களுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவு 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதைக்கானது. நம் பிராட் கேஜ் 1,676. அந்தக் கணக்கில் 19.3 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையில் இந்திய பிராட் கேஜ் எஞ்சினை நிறுத்தினால் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். மீட்டர் கேஜுக்கோ 11.5 போதும். சுவிட்சர்லாந்தின் மலைரயில் மாதிரிகளுக்காக 12 மில்லிமீட்டர் பாதை விற்பனைக்கு உண்டு. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யார் கண்ணும் பிடிக்காது. ஆக, இன்று செங்கல்பட்டில் ஓடும் ரயிலைவிட, மறைந்துபோன ரயிலைத்தான் அளவு பிசகாமல் செய்ய முடியும்!

உடல்பகுதியைப் பித்தளைத் தகட்டிலோ முப்பரிமாண அச்சிலோ நாமேதான் செய்துகொள்ள வேண்டும். அதற்குத் துல்லியமான வரைபடம் தேவை. ரயில்வேயிடம் இருக்கும் பழைய வரைபடங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தால் பெரிய உதவி. வண்ணத்தைக் கறுப்பு-வெள்ளைப் படங்கள் சொல்லாது. பச்சை எந்தப் பச்சை, பட்டை எந்த உயரத்தில் போனது, ஓட்டுநர் அறைக்குள் எந்தக் கைப்பிடி எங்கே இருந்தது என்பதெல்லாம் அதை ஓட்டியவர்களுக்கும் பழுது பார்த்தவர்களுக்கும் தெரியும். தாம்பரம் முதல் விழுப்புரம் வரை அவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். நோட்டும் பென்சிலுமாக இந்த ஆண்டே போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.