வளைகாப்புப் பையில் எத்தனை மாத்திரை?

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வரும்போது கை நிறைய கண்ணாடி வளையலோடு ஒரு துணிப்பையும் வரும். கடலூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் பாகூருக்கு வருவாள். விழுப்புரம் பக்கம் போனவள் வில்லியனூருக்கு வருவாள். அந்தப் பையைக் கட்டிலில் கொட்டினால் என்னவெல்லாம் விழும்? தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டைகள், அங்கே தந்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இருந்த இரும்புச்சத்து டானிக், ஸ்கேன் எடுக்கப் போனபோது தனியார் டாக்டர் எழுதிய இரண்டு மூன்று மாத்திரைகள், நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த புரோட்டீன் பவுடர் டப்பா. இங்கே வந்து பெயரைப் பதிந்ததும் புதுச்சேரி சுகாதார நிலையத்தின் அட்டையும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாமே 'சத்து மாத்திரை'தானே என்று சிலர் அத்தனையும் விழுங்குகிறார்கள். குமட்டுகிறதே என்று சிலர் அத்தனையும் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

எந்த மாதத்தில் எது?

அரசின் கணக்கு எளிமையானது. முதல் மூன்று மாதம் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் மட்டும். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. பிரசவத்துக்கு முன் 180 நாளாவது இதைச் சாப்பிட வேண்டும். 14ஆம் வாரத்திலிருந்து கால்சியம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டியும். நடு மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை பூச்சி மாத்திரை.

முதல் மூன்று மாதத்தில் இரும்பு கொடுக்காததற்குக் காரணம் மசக்கை. இரும்பு அந்தக் குமட்டலைக் கூட்டிவிடும். ஆனால் ஃபோலிக் அமிலம் காத்திருக்காது. கரு உருவான 28 நாளுக்குள், அதாவது நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்வதற்குள்ளேயே, குழந்தையின் தண்டுவடமாக மாறும் குழாய் மூடிவிடுகிறது. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதைத் தொடங்கச் சொல்கிறார்கள். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தாலோ, தாய் வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ பல மடங்கு கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த மாத்திரைக்கு நம் பக்கத்துத் தொடர்பும் உண்டு. 1928இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், மில் தொழிலாளிகளான கர்ப்பிணிகளுக்கு ஏன் ரத்தம் இப்படி வற்றுகிறது என்று தேடினார். அந்தத் தேடல் அவரைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தது. ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த பொருளைப் பத்தாண்டு கழித்துப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 'ஃபோலிக்' என்ற பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இரண்டும் ஒன்றாகச் சேராது

இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டு விழுங்குவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை. குடலில் கால்சியம் இரும்பை உள்ளே விடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டோடு இன்னொன்று, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது சிவப்பு மாத்திரை என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

டீயும் காபியும் இரும்புக்கு எதிரி. மாத்திரையைப் பாலில் போடுவதும் வீண். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பை உள்ளே இழுக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. டாக்டரிடம் நேரத்தை மாற்றி ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்; மாத்திரையில் உள்ள இரும்பின் நிறம் அது. மலச்சிக்கல் இருந்தால் தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டிப் பார்த்து, அப்படியும் தீராவிட்டால் நர்சிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது வெறும் பேச்சு. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. முழு கர்ப்பத்துக்கும் சுமார் ஒரு கிராம் இரும்பு கூடுதலாக வேண்டும். சாப்பாட்டால் மட்டும் அதை ஈடுகட்டுவது கடினம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டின் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 180 நாள் மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டவர்களோ 26 சதவீதம் பேர்தான்.

அட்டையின் பின்பக்கம்

பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம். தனியாரில் எழுதும் இரும்பு மாத்திரை பலவற்றில் 100 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதோடு அரசு மாத்திரையும் டானிக்கும் சேர்ந்தால் தேவைக்கு மேல் போய் வயிறுதான் புண்ணாகும். அட்டையில் 'ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி.' என்று இருந்தால் மிரள வேண்டாம். அது உப்பின் எடை. அதிலிருந்து கிடைக்கும் இரும்பு ஏறக்குறைய 60தான்.

வைட்டமின் ஏ விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ரெட்டினால் வடிவில் தினம் 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் பிறவிக் குறை வரும் ஆபத்து உண்டு. மல்டிவைட்டமினோடு மீன் எண்ணெய் மாத்திரையையும் சேர்க்கும்போது, குறிப்பாக அது மீன் ஈரல் எண்ணெயாக இருந்தால், இந்த எல்லை தெரியாமல் தாண்டிவிடும். முருங்கைக்கீரை, கேரட், மாம்பழம் சாப்பிடுவதால் அந்த ஆபத்து இல்லை.

புரோட்டீன் பவுடர் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சட்டப்படி அது மருந்து அல்ல, உணவு. கர்ப்பிணிகளுக்கு அதிகப் புரோட்டீன் பவுடரை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் சுண்டலும் வாங்கலாம்.

நாட்டு மருந்து என்றால் கெடுதல் இல்லை என்றும் நம்பிவிட முடியாது. 2011-12இல் நியூயார்க்கில் 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அவர்கள் சாப்பிட்டது இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகள். சித்தாவோ ஆயுர்வேதமோ, பதிவுபெற்ற மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதித் தந்ததாக இருக்கட்டும். கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவது வேண்டாம்.

பையோடு போங்கள்

பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் மாதாமாதம் 9ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பரிசோதனை நடக்கிறது. வில்லியனூர் பக்கத்தில் ராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமப்புற சுகாதார மையமும் இருக்கிறது. எங்கே போனாலும் தாய் சேய் அட்டையோடு அந்தத் துணிப்பையையும் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் பார்த்துப் பிரிக்கட்டும்.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்போது மாத்திரை இரண்டாகலாம். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு புள்ளி கூட ஏறவில்லை என்றால் காரணம் வேறு. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். 7க்குக் கீழே போனால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

சர்க்கரைப் பூச்சு போட்ட சிவப்பு மாத்திரை குழந்தைகள் கண்ணுக்கு மிட்டாய். சில மாத்திரைகளே சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பிரசவம் ஆனதும் வீட்டில் எல்லார் கண்ணும் தொட்டில் பக்கம் திரும்பிவிடும், மாத்திரை மறந்துபோகும். இரும்பு இன்னும் 180 நாள், கால்சியமும் ஆறு மாதம் தொடர வேண்டும். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போதும் அந்தத் துணிப்பையில் இரண்டு அட்டை இருக்க வேண்டும்: ஒன்று சிவப்பு மாத்திரை, இன்னொன்று கால்சியம்.