ஒரு ஊர் மட்டும் திருந்தினால் போதாதா? பெண் உறுப்பு சிதைப்பை செனகல் கிராமங்கள் கைவிட்டது எப்படி?

1997 ஜூலை 31. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மாலிகுண்டா பம்பாரா என்ற சின்ன கிராமம். பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வைத்து, இனி எங்கள் ஊர் சிறுமிகளுக்கு பெண் உறுப்பு சிதைப்பு செய்ய மாட்டோம் என்று அங்குள்ள பெண்கள் அறிவித்தார்கள். அப்போது செனகலில் இதற்குத் தடைச் சட்டமே கிடையாது.

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

ஒரு வகுப்பிலிருந்து. அமெரிக்காவிலிருந்து 1974-ல் மாணவியாக செனகல் வந்து அங்கேயே தங்கிவிட்டவர் மோலி மெல்ச்சிங். இவர் 1991-ல் தொடங்கிய அமைப்பு 'டோஸ்டான்'. வோலோஃப் மொழியில், முட்டையை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருவதைக் குறிக்கும் சொல் அது.

பாடம் எல்லாம் உள்ளூர் மொழியில்தான். சொல்லிக்கொடுப்பவர் அந்த ஊரிலேயே தங்குவார், சாப்பாடும் இடமும் ஊர்க்காரர்கள் பொறுப்பு. கிட்டத்தட்ட 3 வருஷம் நடக்கும். மனித உரிமை, ஆரோக்கியம், பிறகு எழுத்து, கணக்கு. 'இந்த வழக்கத்தை விடுங்க' என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. ரத்தப்போக்கு, தொற்று, பிரசவச் சிக்கல் எல்லாம் எதனால் வருகிறது என்று தெரிந்த பிறகு, பெண்களே பேச ஆரம்பித்தார்கள். பேசவே கூடாத விஷயமாக இருந்தது அது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் என்ன ஆச்சு?

பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தால், கிடைத்தது ஏச்சும் பேச்சும்தான். அதற்கும் காரணம் உண்டு. தங்கள் பெண்ணுக்குக் கெடுதல் செய்ய எந்தத் தாயும் நினைப்பதில்லை. இதைச் செய்யாவிட்டால் யாரும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள் என்ற பயம்தான் வழக்கத்தைப் பிடித்து வைத்திருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர், கேர் சிம்பாரா கிராமத்து இமாம் டெம்பா தியாவாரா. பெண் கொடுத்து பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுக்காமல், ஒரு ஊர் மட்டும் நிறுத்துவது நடக்காது என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, உறவுக்கார கிராமங்களுக்கு நடந்தே போய் பேசினார். 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற ஊரில் 13 கிராமங்கள் ஒன்றாக அறிவித்தன. தடைச் சட்டம் வந்தது அதற்குப் பிறகு, 1999 ஜனவரியில்.

இதே வழி சீனாவில் முன்பே பலித்திருக்கிறது. பெண்களின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் அங்கே எப்படி ஒழிந்தது என்று அரசியல் ஆய்வாளர் ஜெர்ரி மேக்கி 1996-ல் விளக்கினார். பெற்றோர் சங்கம் சேர்ந்து, மகளின் காலைக் கட்ட மாட்டோம், கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். இரண்டாவது உறுதி இருந்ததால்தான் முதலாவது நிலைத்தது.

அப்போ பிரச்னை முடிந்ததா?

இல்லை. ஆயிரக்கணக்கான கிராமங்கள் அறிவித்த பிறகும், 2019 கணக்கின்படி செனகலில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சுமார் கால் பங்கினர் இதற்கு ஆளானவர்களாக இருந்தார்கள். ஊர்கூடி அறிவித்தாலும் எல்லா வீடும் கேட்டுவிடுவதில்லை. பெரும்பாலும் 5 வயதுக்குள்ளேயே செய்துவிடுவதால், வெளியே தெரிவதும் கஷ்டம்.

பக்கத்து நாடான காம்பியாவில் இந்த அளவு சுமார் 73 சதவீதம். அங்கே 2015-ல் வந்த தடையை நீக்க 2024-ல் மசோதா கொண்டு வந்தார்கள். ஜூலையில் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. மூன்று பக்கமும் செனகல் சூழ்ந்த நாடு அது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே இனத்து மக்கள், ஒரே குடும்பங்கள். கல்யாணப் பேச்சும் எல்லை தாண்டித்தான் போகிறது.